ஒற்றை வயிற்று எழுத்து

"அம்மா, ஒத்த வயிறு பியா, ரெட்ட வயிறு பியா?"

மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. கண் பரிசோதனை நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணை உள்ளங்கை பொத்தியிருந்தது. "அட்டையில 'பி' எங்க இருக்கு, காட்டு" என்று அம்மா கேட்டதற்குத்தான் அப்படித் திருப்பிக் கேட்டாள்.

"நம்ம எழுத்துல ஒரே ஒரு பிதானே இருக்கு? இங்கிலீஷ்ல மட்டும் எதுக்கு ரெண்டு? ஒண்ணுக்கு ஒரு வயிறு, இன்னொண்ணுக்கு ரெண்டு வயிறு. நீ எந்த பிய கேக்கறே?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தாள். குழந்தைக்குப் பதில் சொல்ல மட்டும் மறந்துபோனாள்.

அது கடை இருந்த காலம். கடை போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது கடை, பரிசோதனை அறை, கிடங்கு எல்லாமே ஒரு சாம்பல் நிறச் சின்னக் காருக்குள் அடக்கம். டிக்கியில் மரத்தாலான லென்ஸ் பெட்டி, அதன்மேல் மடித்த எழுத்து அட்டை, பக்கத்தில் பிரேம்கள். தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் கண் பார்ப்பாள். வீட்டில் கணவர் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்திக் கொடுப்பார். போகிற இடமெல்லாம் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பேர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் அறுபது பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பாலத்துக்கு அடியில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார். கைபேசி அளவுள்ள ஒரு கருவியை நம்பர் பலகைக்கு நேராகப் பிடித்தார். அது கீச்சென்றது. திரையில் சிவப்பு.

"இன்சூரன்ஸ் இல்ல மேடம்."

"யாருக்கு?"

"உங்க வண்டிக்குத்தான். என் வண்டிக்கா கேப்பேன்?"

அவள் சிரித்துக்கொண்டே டேஷ்போர்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினாள். "கட்டி எட்டு மாசம் ஆச்சு சார். இன்னும் நாலு மாசம் இருக்கு. பாருங்க."

அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "பேப்பர இப்ப யாரும் பாக்கறதில்ல மேடம். போன வாரம் மட்டும் இதே இடத்துல பதினோரு போலிப் பேப்பர் புடிச்சிருக்கேன். ஒண்ணுல கம்பெனி பேருலயே எழுத்துப்பிழை. மெஷின்ல இருந்தா இருக்கு, இல்லேன்னா இல்ல."

"என்னப் பாத்தா இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டறவ மாதிரியா இருக்கு?"

"மூஞ்சியப் பாத்து எழுதற வேலையா இது?"

மற்றவர்களுக்கு 'இன்சூரன்ஸ் இல்லை' என்பது ஒரு அபராதச் சீட்டின் வாசகம். அவளுக்கு அது வசவு. ஆறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக் கோட்டின்மேல் சாலையைக் கடந்துகொண்டிருந்த அவள் கணவரை ஒரு பச்சைக் கார் தூக்கி எறிந்தது. கால் மூன்று இடத்தில் முறிந்தது. அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஓட்டியவன் போலீஸ் நிலையத்தில் கையை விரித்துக்கொண்டு அழுதான். அவனிடம் நிஜமாகவே ஒன்றுமில்லை. காலுக்காகக் கடை போயிற்று. அன்றிலிருந்து அவளுடைய அகராதியில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. சொன்ன நாளில் வராத குழாய்க்காரரைக்கூட, "இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டறவன் மாதிரி ஆளுய்யா நீ" என்றுதான் திட்டுவாள். அவருக்கு அது புரியாது. சிரித்துவிட்டுப் போவார்.

அந்த வார்த்தையைத்தான் இன்று அவள் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் போட்டாள். நடந்துபோனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ்காரர் அசையவில்லை. கிரேன் வண்டி பின்னாலேயே வந்து நின்றது. அதிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க கனத்த மனிதர் ஒருவர் இறங்கினார். சட்டையெல்லாம் மசகு. அட்டையில் செருகிய படிவத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிரப்பினார்.

"டிக்கில என்னங்க இருக்கு?"

"என் பொழப்பு இருக்கு!"

"சீட்டு எழுதியாச்சு. இனிமே உள்ள இருந்து எதையும் எடுக்கக் கூடாது. வண்டிய விடறப்ப எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் அடுத்த காரை நிறுத்தப் போனார்.

அவர் முதுகு திரும்பியதும் கிரேன்காரர் டிக்கியைத் திறந்தார். லென்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நடைபாதையில் வைத்தார். எழுத்து அட்டையை எடுத்துச் சட்டையில் மசகு இல்லாத இடமாகப் பார்த்து அணைத்துக்கொண்டு வந்து பெட்டியின்மேல் வைத்தார். "பெட்டி தானா இறங்கிடுச்சும்மா. நான் பாக்கல" என்றார், உதடு அசையாமல்.

அவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்திருந்தது.

"இழுக்கறதையும் இழுத்துட்டு, இதுல தர்மம் வேறயா? இழுத்துட்டுப் போங்கய்யா. அதுக்குத்தானே சம்பளம்!"

குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல அவர் டிக்கியை மெல்லச் சாத்தினார். சங்கிலியை மாட்டினார். சாம்பல் நிறக் கார் முன்கால் தூக்கிய கன்றுக்குட்டிபோல அவருக்குப் பின்னால் போனது.

கையில் இருந்த சீட்டைப் படித்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் இன்சூரன்ஸ் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால் வழக்கு, ஓட்டுநர் உரிமம் ஒரு வருடத்துக்கு முடக்கம். உரிமம் இல்லாவிட்டால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் இரண்டாவது தடவையாகக் கடை இல்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அறுபது பேருக்கும் கண் பார்த்தாள். அன்றைக்கு அவளிடம் எழுத்து படித்தவர்கள் எல்லாம் பயந்து பயந்து படித்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டன. கணவர் வேலை மேஜையில் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருந்தார். கைத்தடி மேஜையில் சாய்ந்திருந்தது.

"நீ போடற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கப் பயப்படுது" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. என்னை அந்த ஆளோட சேத்துட்டாங்க. அந்தப் பச்சைக் கார்க்காரனோட! கட்டின பணம், கையில பேப்பர், எல்லாம் இருந்தும் நான் திருடி. மெஷின் சொல்லிச்சாம்!"

"பெட்டிய எப்படிக் குடுத்தாங்க?"

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் லென்ஸைத் துணியால் துடைத்தார். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. அவள் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இந்த நம்பர்ல எங்ககிட்ட வண்டியே இல்லீங்க."

"பணம் வாங்கறப்ப மட்டும் இருந்துதோ?"

"கோச்சுக்காதீங்க. பேப்பரக் குடுங்க." அந்த அதிகாரிதான் முதல் தடவையாக அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். பாலிசி எண்ணைத் தட்டினாள். நிமிர்ந்தாள். "பாலிசி இருக்கு. உங்க பேரு இருக்கு. பணமும் வந்திருக்கு. வண்டிதான் வேற."

"வேறன்னா?"

"உங்க ஏஜெண்ட வரச் சொல்லுங்க."

ஏஜெண்ட் அரை மணியில் வேர்த்து விறுவிறுத்து வந்தான். சின்ன வயதுக்காரன். கக்கத்தில் நோட்டு. வந்ததும் வராததுமாக, "அக்கா, என் மேல தப்பு இருக்காதுக்கா" என்றான்.

"இன்னும் தப்பு என்னன்னே யாரும் சொல்லல. அதுக்குள்ள பூசி மெழுகறியா தம்பி?"

"போன்ல நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். எழுதினதை இங்க குடுத்தேன். பாருங்க." நோட்டைப் புரட்டிக் காட்டினான். அவன் எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறவன். அவள் பெயர், தேதி, அதற்குக் கீழே வண்டி நம்பர். அதன் நடுவில், கொட்டை எழுத்தில்: பி.

அதிகாரி பாலிசிக் காகிதத்தைத் தடுப்புக்குக் கீழே நகர்த்தினாள். விரல் வைத்த இடத்தைக் கண்ணாடியக்கா பார்த்தாள். அவளுடைய கார் நம்பரில் அந்த எழுத்துக்கு ஒரு வயிறு. காகிதத்தில் இருந்த எழுத்துக்கு இரண்டு வயிறு.

நீ எந்த பிய கேக்கறே?

கடை இருந்த காலத்தில் மகள் கேட்ட கேள்வி கன்னத்தில் அறைந்தது. எட்டு மாதமாக அந்தக் காகிதம் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்திருக்கிறது. நாள் முழுக்க ஊராரை உட்காரவைத்து, "இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து" என்று கேட்டுச் சம்பாதிக்கிறவள் அவள். தன் காகிதத்தை ஒரு தடவை படிக்கவில்லை.

"இவ ஏன் ரெண்டு வயிறு போட்டா? ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?" என்று ஏஜெண்ட், தட்டச்சு செய்த யாரோ ஒரு பெண்ணைத் திட்ட ஆரம்பித்தான்.

"வாய மூடு தம்பி. நீயும் கேக்கல, அவளும் கேக்கல, நானும் படிக்கல. மூணு பேரும் கண்ணு தெரியாதவங்க. அதுல எனக்குத் தொழிலே கண்ணு."

அதிகாரி திருத்த மனுவை நிரப்பச் சொன்னாள். நாளை சாயங்காலத்துக்குள் பதிவு மாறிவிடும், கடிதமும் தருவார்கள். கண்ணாடியக்காவின் மூச்சு சீரானது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருந்தால் சமாதானமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அதிகாரி சும்மா இருக்காமல் ஒன்று சொன்னாள்.

"தமாஷ் என்னன்னா, ரெட்டை வயிறு நம்பர்ல நிஜமாவே ஒரு வண்டி இருக்கு. வேற யாரோடதோ. அதுக்குத் தனியா பாலிசி எதுவும் காணோம். எட்டு மாசமா உங்க பாலிசியிலதான் அது ஓடிட்டிருக்கு. மெஷின் புடிச்சா பச்சை காட்டியிருக்கும்."

கண்ணாடியக்கா தலைப்பை இறக்கினாள்.

"யாரு அது?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"என் பணத்துல ராஜா மாதிரி ஒருத்தன் ஓட்டிட்டுப் போறான். நான் நடுரோட்டுல நின்னு திருடிப் பட்டம் வாங்கறேன். அவன் பேரை நான் கேக்கக் கூடாது! நல்ல நியாயம்!"

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கடிதம் கைக்கு வந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. அந்த முகம் தெரியாத மனிதனுக்குப் பச்சைக் கார்க்காரனின் முகத்தையே மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவரிடம், "ஒரு கண்ணாடி வேணுங்க. படிக்கறதுக்கு. பிளஸ் ரெண்டு. பிரேம் கொஞ்சம் அகலமா, உரமா" என்றாள்.

"யாரு?"

"பேரு தெரியாது."

"கண்ணு பாத்தியா?"

"கைய பாத்தேன். அட்டைய எவ்வளவு தூரத்துல புடிக்கிறார்னு."

வெள்ளெழுத்துக்காரர்களின் கை நீட்டத்தை வைத்தே அவள் பவர் சொல்லிவிடுவாள். கால் பவர்கூடப் பிசகாது. கணவர் மேலே எதுவும் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து கெட்டியான கறுப்பு பிரேம் ஒன்றை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் பிடிபட்ட வண்டிகளை நிறுத்திவைக்கும் மைதானத்துக்குப் போனாள். தகரக் கொட்டகை அலுவலகத்தில் பாலத்தடிப் போலீஸ்காரரே உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாங்கினார், கருவியில் நம்பரைத் தட்டினார். பச்சை. "அன்னிக்கே பேப்பரப் பிரிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்" என்றாள் அவள். அவர் முத்திரையை எடுத்தார். "பிரிச்சிருக்கலாம் மேடம்" என்று மெதுவாகச் சொல்லி முத்திரை குத்தினார். அப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக எடுத்துவந்த மீதி வாக்கியங்கள் வாயிலேயே தங்கிவிட்டன.

அவை வீணாகவில்லை. கூரையில் மூன்று மெத்தைகள் கட்டிய பழைய கார் ஒன்றின் பக்கத்தில் நின்று ஒரு மனிதர் இன்னொரு போலீஸ்காரரிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை சார்! மூணு தடவை நிறுத்தினீங்க, மூணு தடவையும் பச்சை! இன்னிக்கு மட்டும் எப்படி சார் சிவப்பாகும்? ஆண்டவனே பாத்து எனக்கு விலக்கு குடுத்திருக்கார்னு நெனச்சேன். வாரா வாரம் விளக்கு ஏத்தினேன் சார்!"

கண்ணாடியக்கா அந்தக் காரின் நம்பர் பலகையைப் பார்த்தாள். இரட்டை வயிறு. மற்றதெல்லாம் அவளுடைய நம்பரேதான்.

நேரே போய் அவர் எதிரே நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் மெத்தைக்காரர்.

"எட்டு மாசமா உனக்கு இன்சூரன்ஸ் கட்டினவ."

அவருக்குப் புரியவில்லை. புரியவைத்தாள். ஒற்றை வயிறு, இரட்டை வயிறு, நோட்டு, எல்லாவற்றையும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி புரியவைத்தாள். "ஆண்டவன் விலக்கு குடுத்தாராம்! ஆண்டவனுக்கு வேற வேலை இல்ல, உன் வண்டிக்கு உட்காந்து பாலிசி எழுதறார்! விளக்கு ஏத்தறதா இருந்தா என் வீட்டு வாசல்ல வந்து ஏத்தியிருக்கணும்!"

"வியாபாரம் படுத்துடுச்சும்மா. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப் போச்சு. ஆனா சத்தியமா யாரையும் இடிச்சதில்ல."

"அது உன் சாமர்த்தியமா? என் வீட்டுக்காரர இடிச்சவனும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் யாரையும் இடிச்சதில்லய்யா! கால் மூணு துண்டு. இன்னிக்கும் மாடிப்படி ஏறணும்னா கைப்பிடியப் புடிச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கிறார். அவன் அழுதான். நல்லா அழுதான். அழுகைய வெச்சு எலும்பு ஒட்டுமா?"

ஆறு வருடமாக இதைச் சொல்ல ஆள் இல்லாமல் குழாய்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அவர் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

பச்சைக் கார்க்காரன் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். மாட்டியிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்து கழன்றதுபோல இருந்தது. இவருடைய முகம் வேறு. காதோரம் நரைத்து, மெத்தைப் பஞ்சு ஒட்டிய, வெட்கத்தில் சுருங்கிய முகம்.

"வேலை செய்யறார். சிரிக்கறார். என்னைவிட நல்லா இருக்கார்" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஏஜெண்டின் அட்டையை எடுத்து நீட்டினாள். கோபம் குரலில் அப்படியேதான் இருந்தது. "இந்தத் தம்பிகிட்ட இப்பவே பேசு. தவணையில கட்ட வழி இருக்கான்னு கேளு. நான் அனுப்பினேன்னு சொல்லு, ஓடி வருவான். கட்டாம இந்த வண்டிய வெளிய எடுத்தே, எங்க இருந்தாலும் வந்து நிப்பேன். அப்புறம் நம்பரைச் சொல்லும்போது வயித்த எண்ணிச் சொல்லு!"

மெத்தைக்காரர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழவில்லை. உடனே போனை எடுத்தார். கொட்டகையின் நிழலுக்குப் போய், "ரெண்டு வயிறுங்க... ஆமா, ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு" என்று அவர் சத்தமாகச் சொல்வது கேட்டது.

கண்ணாடியக்கா தன் காரைத் தேடிக்கொண்டு மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போனாள். பக்கத்திலேயே கிரேன் வண்டி நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவப் போயிருக்க வேண்டும். இருக்கையில் பாதி மூடிய சாப்பாட்டுப் பை கிடந்தது. குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, டேஷ்போர்டின்மேல் அந்தப் படிவ அட்டை இருந்தது. அதில் இன்றைய சீட்டு ஒன்று. கட்டங்களுக்குள் அடங்காமல் வெளியே வழிந்த கோணல் எழுத்துகள்.

கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். திறந்து, லென்ஸை ஒரு தடவை ஊதித் துடைத்தாள். அந்தச் சீட்டுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். மங்கலாக அச்சாகியிருந்த சின்ன எழுத்துகள் பெருத்து, கறுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன.

கூட்டை மூடி, அட்டையின் கவ்விக்குக் கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில் வைத்தாள். ஏதாவது எழுதி வைக்கலாமா என்று பேனாவைத் தேடினாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த மனிதரின் பெயரும் தெரியாது. அவரும் அன்றைக்கு எதையும் எழுதிக்கொடுத்துவிட்டா பெட்டியை இறக்கிவைத்தார்?

பேனாவை உள்ளே போட்டாள். குழாய்த் தண்ணீர் நின்றது. சட்டென்று தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள், மெல்ல.

வாசலில் காவலாளி தடுப்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டே குனிந்து கேட்டார். "உங்க பொருளெல்லாம் சரியா எடுத்துக்கிட்டீங்களா மேடம்? அப்புறம் விட்டுட்டுப் போயிட்டேன்னு வரக் கூடாது."

"எதையும் விட்டுட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு, அவள் காரைச் சாலையில் இறக்கினாள்.